சோற்றுப் பார்சலும் கறுப்புப் பொடியும்

"இது குண்டுக்குப் போடுற மருந்துதானே?"

இன்ஸ்பெக்டர் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டார். மேசையில் ஒரு பொலித்தீன் பை நிறையக் கறுப்புப் பொடி. பக்கத்தில் ஒரு மிருதங்கம். அதன் ஒரு பக்கத் தோல் கிழிந்து கிடந்தது. கூடவே புதுத் தோலும் தோல்வாரும் வைத்த ஒரு துணிப் பை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை மறித்து, இந்தச் சாமான்களோடு நவரத்தினத்தையும் இறக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இல்லை சேர். கல்லுப்பொடி. மிருதங்கத் தோலின்ரை நடுவிலை வட்டமாப் பூசுறது. அப்பதான் நாதம் வரும்."

"நீ யார்?"

நவரத்தினம் மிருதங்கத்தைப் பார்த்தார். "மிருதங்கத்துக்குத் தோல் கட்டுறவன் சேர்."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. நம்புகிற ஆளென்றால் அவரை இன்ஸ்பெக்டர் கதிரையில் இருத்தியிருக்க மாட்டார்கள்.

"அப்ப கட்டு. இங்கேயே கட்டு. சரி என்றால் வீட்டுக்குப் போ. பிழை என்றால் உள்ளே."

உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்று கேட்கிற வழக்கம் அந்த யுத்த காலத்தில் இல்லை.

"சேர், கொஞ்சம் சோறு வேணும்."

"பசியா?"

"பூசுறதுக்கு சேர். பொடியைச் சோத்தோடை குழைக்க வேணும்."

ஒரு கான்ஸ்டபிளின் மத்தியானப் பார்சல் பறிபோனது. அவர் முறைக்க முறைக்க, நவரத்தினம் பருப்பையும் கருவாட்டுத் துண்டையும் ஒதுக்கிவிட்டுச் சோற்றைப் பொடியோடு பிசைந்தார். கிழிந்த தோலை அறுத்து எடுத்தார். துணிப் பையிலிருந்த புதுத் தோலை வைத்து, தோல்வாரைக் கோத்து இழுத்தார். காலால் மிதித்து இழுத்தார். பல்லால் கடித்தும் இழுத்தார். கடைசியில் நடுவில் கறுப்பை அப்பினார்.

"தட்டு."

தட்டினார். பூசணிக்காய் விழுந்த மாதிரி 'டொப்' என்றது.

"இதுவா நாதம்?"

"பொடி இன்னும் காயேல்லை சேர். அதோடை மழை நாள். தோலுக்கும் தடிமன் பிடிக்கும்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "பௌஸியைக் கூப்பிடு! எங்கள் பொலிஸ் பாண்டில் ட்ரம் அடிக்கிறவன். அவனை நீ ஏமாற்ற ஏலாது."

நவரத்தினம் தோல்வாரை இன்னொருதரம் இழுத்துப் பார்த்தார்.

கான்ஸ்டபிள் பௌஸி வந்தார். மிருதங்கத்தை மடியில் வைத்தார். திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு நாலு தட்டுத் தட்டினார். டொப், டொப், டொப், டொப்.

கண்ணைத் திறந்து நவரத்தினத்தைப் பார்த்தார். நவரத்தினம் நிலத்தைப் பார்த்தார்.

"முதல்தரமான வேலை சேர்" என்றார் பௌஸி சிங்களத்தில். "இப்படி ஒரு கை கொழும்பிலேயே இல்லை."

இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாகப் பொடிப் பையை நவரத்தினத்தின் பக்கம் தள்ளிவிட்டார். "போ."

வெளிவாசல் வரைக்கும் மிருதங்கத்தைப் பௌஸியே தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு நவரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, என்னைக் காட்டிக் குடுக்காம பெரிய உபகாரம் செஞ்சீங்க. நான் தட்டின தட்டிலயே ஒங்களுக்கு வெளங்கீக்கும். எனக்கு மேளம் ஒண்டும் தெரியா. சண்ட நடக்கிற வவுனியாப் பக்கம் அனுப்பிருவாங்கண்டு பயந்து, பொய் சொல்லித்தான் பாண்டுக்குள்ள பூந்தன். அல்லாவுக்காக, யாருக்கிட்டயும் சொல்லிராதீங்க."

"தட்டினவுடனை விளங்கினதுதான் தம்பி. பயப்பிடாதையும், ஆரிட்டையும் சொல்லமாட்டன்" என்றார் நவரத்தினம், பெரிய வித்துவானைப் போல.

பிறகு மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, புறக்கோட்டைக் கடையில் வெங்காயம் நிறுக்கிற நவரத்தினம் ஜிந்துப்பிட்டி வீட்டுக்கு வேகமாக நடந்தார். அங்கே கட்டிலுக்குக் கீழே, யாழ்ப்பாணத்திலிருந்து அனுமதிப் பாஸ் இல்லாமல் ஒளித்து வந்த மைத்துனன், உண்மையாகவே மிருதங்கம் கட்டுகிறவன், தோலுக்கும் பொடிக்கும் காத்துக் கிடந்தான்.