விட்டுக்கொடுத்த பந்துகள்

"ஏன்னா, பந்தை உருட்டறதுக்கும் ஒரு புஸ்தகமா?"

சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, டம்ளரைத் தரையில் படுக்கவைத்து, அதற்குள் கோல்ஃப் பந்தைத் தட்டிவிடப் பார்த்துக்கொண்டிருந்த வெங்கடராமன் நிமிரவில்லை. ஒரு கையில் மட்டை. இன்னொரு கையில் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் வாங்கிய கோல்ஃப் பயிற்சிப் புத்தகம்.

"உருட்டறது இல்லை அனந்து, பட்டிங். கோல்ஃப்ல பாதி ஆட்டம் குழிக்குப் பக்கத்துலதான். தலையை அசைக்கப்படாது, மூச்சை இழுத்து விடணும்னு போட்டிருக்கான்."

"மூச்சை இழுத்து விடச் சொல்றது பிரசவ ஆஸ்பத்திரியிலன்னா?"

பந்து டம்ளரைத் தாண்டி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

வெங்கடராமன் கர்நாடக நீர்ப்பாசனத் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடப்பானேன் என்று, அதே ஆபீசில் ஓய்வு பெற்ற இராஜமாணிக்கம் அவரைக் கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துப் போனார்.

நடை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. குழிக்குப் பக்கத்தில் வந்ததும்தான் வம்பு. ஞாயிறுதோறும் இராஜமாணிக்கத்திடம் தோற்றுவிட்டு வந்து, சாம்பாரில் உப்பில்லை என்று ஆரம்பித்து உலக வங்கி வரைக்கும் திட்டுவார். இறங்க வேண்டிய கொதிப்பு ஏறியது. இப்படியே போனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று டாக்டர் அனந்தலக்ஷ்மியைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார்.

நல்லவேளை, புத்தகம் வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே ஞாயிறுதோறும் வெற்றி. அப்புறம் சாப்பாட்டு மேஜையில் தினமும் பிரசங்கம்தான்.

"எல்லாம் புஸ்தக மகிமை. நீதான் கேலி பண்ணினே."

"புஸ்தகம் படிச்சா வந்துடுமா? நம்ம பொண்ணு நிருபமா அலமாரி நிறைய சமையல் புஸ்தகம் வச்சிருக்கா. அவ ரசத்துக்குப் பயந்துதான் மாப்பிள்ளை ஒய்-டூ-கே வேலைன்னு அமெரிக்காவுக்கே ஓடிப் போனார்."

"சிரிச்சுக்கோ. சீனியர்ஸ் கோப்பைக்குப் பேர் குடுத்துட்டேன். இராஜமாணிக்கம் பேரையும் சேர்த்துக் குடுத்திருக்கேன். வர ஞாயித்துக்கிழமை, சந்தாபுரா பக்கம்."

அனந்தலக்ஷ்மிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் குளிக்கப் போனதும் போனை எடுத்தாள்.

"இராஜமாணிக்கம் சார், என்ன இது புதுசா போட்டி கீட்டின்னு?"

"நானும் காலையிலதான் கேள்விப்பட்டேன் மாமி. எனக்கே கை கால் ஓடல."

"அங்கேயும் எப்பவும் போல 'எடுத்துக்கோ'ன்னு சொல்லிடுங்கோளேன்."

கோல்ஃபில் இப்படி ஒரு மரியாதை உண்டு. பந்து குழியை ஒட்டிக் கிடந்தால் எதிராளி "எடுத்துக்கோ" என்று சொல்லிவிடலாம். தட்டவே வேண்டாம், விழுந்ததாகக் கணக்கு. அனந்தலக்ஷ்மி போய்க் கெஞ்சிய நாளிலிருந்து, வெங்கடராமனின் பந்து எங்கே கிடந்தாலும் இராஜமாணிக்கம் "எடுத்துக்கோ" என்றுதான் சொல்லிவந்தார். புத்தகத்தின் மகிமை அவ்வளவுதான்.

"இந்தப் போட்டியில அது செல்லாது மாமி. யார் பந்தா இருந்தாலும் குழிக்குள்ள விழுந்தே ஆகணும்."

"அப்படின்னா நீங்க மோசமா ஆடுங்கோ."

"நான் மோசமா ஆடினா அவன் பந்து உள்ள போயிடுமா?"

கால் வலிக்குமே என்றாள், மழை வரும் என்றாள், யாரோ ஒன்றுவிட்ட மாமாவுக்கு உடம்பு முடியவில்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். வெங்கடராமன் அசையவில்லை. ஞாயிறு விடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அனந்தலக்ஷ்மி மாத்திரையையும் மோரையும் எடுத்துவைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மதியம் ஸ்கூட்டர் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் இராஜமாணிக்கம். கையில் பிரஷர் குக்கர் பெட்டி.

"முதல் பரிசு மாமி" என்றார், குக்கரைத் திருடிக்கொண்டு வந்தவர் போல. "வேணும்னு ஜெயிக்கல. ஆடிக்கிட்டே இருந்தேனா, மறந்துபோச்சு."

"நான் கடைசி" என்றார் பின்னால் வந்த வெங்கடராமன். "பசிக்கறது. என்ன சாம்பார்?"

இராஜமாணிக்கம் குக்கரோடு நழுவிவிட்டார். அனந்தலக்ஷ்மி மாத்திரையை நீட்டிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"புஸ்தகம் கைவிட்டுடுத்தா?"

"அதை ஏன் குத்தம் சொல்றே? நல்ல புஸ்தகம். மட்டைப் பிடி நீளத்துக்குள்ள பந்து கிடந்தாத்தான் 'எடுத்துக்கோ'ன்னு விட்டுக்குடுக்கறது வழக்கம்னு தெளிவா போட்டிருக்கான். நம்மாளு என்னடான்னா நாலு ஆள் படுக்கற தூரத்துக்கெல்லாம் சொல்றான். ஆபீஸ்ல ஒரு பென்சிலை விட்டுக்குடுக்காத மனுஷன். யார் சொல்லிக்குடுத்துச் சொல்றான்னு எனக்குத் தெரியாதா?"

அனந்தலக்ஷ்மிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தெரிஞ்சுண்டேவா புஸ்தகம் புஸ்தகம்னு என் பிராணனை வாங்கினேள்?"

"நான் ஜெயிச்சேன்னு சொன்ன அன்னிக்கெல்லாம் நீ நிம்மதியாத் தூங்கினே. நானும் அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு இந்தப் போட்டி? ஊர் முன்னாடி கடைசியா வரதுக்கா?"

வெங்கடராமன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மோரைக் குடித்து முடித்தார்.

"வாராவாரம் எனக்காகத் தோத்துண்டே இருக்கான் பாவம். ஜெயிக்கணும்னு அவனுக்கும் ஆசை இருக்காதா? அதான் விட்டுக்குடுக்கவே முடியாத இடமாப் பார்த்து அவனைக் கூட்டிண்டு போனேன்."