ஜீப்புக்குப் பின்னால் ஒரு வீடு

"இப்ப இன்னாத்துக்குடா நிறுத்தின?"

அங்கம்மா கேட்டு முடிப்பதற்குள் கன்னியப்பன் ஜீப்பிலிருந்து குதித்துவிட்டான். பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த சக்கர வீட்டின் டயரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான்.

"நெருப்பா சுடுதும்மா. கத்திரி வெயில்ல தாரே இளகிக் கீது. இத்தினி பாரத்தை இழுத்துகினு ஓட்டினா டயர் வெடிச்சிடும். ஆறட்டும்."

ரோடு போடும் கம்பெனியில் அவன் டிரைவர். இன்ஜினீயர்கள் தங்கும் அந்தத் தகர வீட்டைப் பூந்தமல்லியிலிருந்து ஆவடி முகாமுக்கு இழுத்துப்போக வேண்டும். வழியில் அம்மாவையும் தங்கையையும் திருவேற்காடு கோயிலில் இறக்கிவிடுவதாக அவன்தான் சொன்னான். நாகவல்லியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் அங்கே காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிட்டால் பெண் முகத்தில் விழிக்காமலே கிளம்பிவிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். பி.ஏ. படித்தது போதும், கிடைத்திருக்கும் டீச்சர் வேலைக்குப் போகக் கூடாது என்பதும் அவர்கள் உத்தரவுதான். முறைத்துக்கொண்டே திரிந்த மகள் நேற்றுத்தான் ஒருவழியாக இறங்கி வந்திருந்தாள்.

இப்போது அவள்தான் கொதித்தாள்.

"அண்ணே, குமணன்சாவடியே இன்னும் தாண்டல. நீ ஓட்றது ஜீப்பா, தேரா?"

"தேருன்னா இழுக்க ஊரே வரும். நான் ஒண்டியா இழுக்கறேன்."

வேலப்பன்சாவடியில் ரேடியேட்டர் கொதித்தது. உடனே மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று மர நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

"டயர் மேல கீற அக்கறை தங்கச்சி மேல கீதா பாரு இவனுக்கு! நான் எக்கேடு கெட்டா இன்னா!" ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நாகவல்லி கத்தினாள்.

"மெல்லப் பேசுடி, பொண்ணு பார்க்கக் காத்துகினு கீறாங்க," என்று அங்கம்மா மகள் வாயை அடக்கினாள். "ஏந்திர்றா, உசிரை வாங்காத," என்று மகனிடம் பாய்ந்தாள். பெற்றதற்கு இரண்டையும் தலைமுழுகலாம் போலிருந்தது.

அதற்கப்புறமும் ஒருமுறை, கொக்கி ஆடுகிறது என்று நிறுத்தினான்.

கோயில் வாசலில் பூக்காரிதான் சொன்னாள். "மாப்ள வூட்டுக்காரங்க இப்பத்தாம்மா போறாங்க. ராகு காலத்துல வர்ற பொண்ணு சரிப்படாதாம், வேற எடம் பார்த்துக்கச் சொன்னாங்க."

அங்கம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"திருப்தியா உனுக்கு?" என்று அண்ணனிடம் சீறிவிட்டு, நாகவல்லி விடுவிடுவென்று சக்கர வீட்டுக்குப் பின்னால் போனாள். தலையைத் தொங்கப்போட்டபடி அவனும் போனான்.

இரண்டும் அடித்துக்கொள்ளப் போகின்றன என்று அங்கம்மா பதறி எழுந்து ஓடினாள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் சன்னமாகக் கேட்டது.

"கடைசி வாட்டி நிறுத்த வேணாம்னு கண்ணைக் காட்டினேனே, பார்க்கலியா? அம்மாவுக்கு சந்தேகம் வந்திருந்தா?"

"நீ மட்டும் இன்னா, பேசி வச்சதுக்கு மேலயே திட்டிட்ட! எனுக்கு நெஜமாவே அழுகை வந்துடுச்சிடி."