நான்-ஏசி வாடகைக்கு ஏசி அறை

அந்த லாட்ஜ் அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: நான்-ஏசி வாடகைக்கே ஏசி அறையைப் பேசி வாங்கிவிட்ட முத்தழகன், அவன் மனைவி பவளம், கூப்பிட்டதும் மேலே ஏறி வந்த மேனேஜர் அருளப்பன். அறை வெந்தது. ஏசிக்காக ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.

“ரிமோட் எங்கய்யா?”

“ஏசி வாடகை கட்டுறவங்களுக்குத்தான் ரிமோட் சார். உங்களுக்கு ரூம் மட்டும்தான்.”

பவளம் சிரித்துவிட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டாலும் அது முத்தழகன் காதில் விழுந்துவிட்டது. அவன் முதலில் மேனேஜரைப் பிடித்தான். பிடரியைப் பற்றி, ஏசிக்குக் கீழே சுவரில் அவர் தலையை மறுபடி மறுபடி மோதினான். சுண்ணாம்பில் ரத்தம் அப்பியது.

“கீழ டிராயர்ல இருக்கு சார், தந்துடறேன், விட்டுடுங்க” என்று அழுதார் அருளப்பன்.

முத்தழகன் அவரை வெளியே தள்ளிவிட்டு பெல்ட்டைக் கழற்றினான்.

“மகாராணிக்கு சிரிப்பு வருதோ? வாடி, சிரிக்க வைக்கிறேன்.”

“நான் போய் ரிமோட்ட வாங்கிட்டு வந்துடறேங்க” என்றாள் பவளம். “ஏசியப் போட்டுட்டு அடிங்க. உங்களுக்கு வேர்க்காது.”

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தான். அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். வெளித்தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு, அதில் தொங்கிய பூட்டை அமுக்கிப் பூட்டினாள்.