நடுவில் ஓர் அம்புக்குறி

"அகல்யா, உங்கப்பன்கிட்ட சொல்லு. மழ வர்ற மாதிரி கீது, கொடை எடுத்துக்கினு போவச் சொல்லு."

காதில் சொருகியிருந்த இயர்போனைப் பிடுங்கினாள் அகல்யா. அப்பா ஒன்றும் அடுத்த தெருவில் இல்லை. அதே அறையில், அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கள்ளிக்குப்பத்தில் அவர்கள் வீடே அந்த ஒரு அறைதான்.

"அப்பா, குடை."

"சரி. உனக்கு டப்பா கட்டியாச்சான்னு உங்கம்மாவைக் கேளு."

"அம்மா, டப்பா."

"கட்டிட்டேன்னு சொல்லு. எலுமிச்ச சாதம், உனுக்குப் புடிச்சது."

தை மாதம் சித்தப்பா கல்யாணப் பந்தியில் மூண்ட சண்டை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. எதுவானாலும் இவள் வழியாகத்தான்.

அதற்கு முன்பு அகல்யாவுக்கு நிம்மதி இருந்தது. கல்லூரி விட்டு வந்தால் இயர்போனும் புத்தகமுமாக மூலையில் ஒதுங்கிவிடுவாள். அம்மாவோ அப்பாவோ இன்னா படிக்கிறே என்று கேட்டால், "சொன்னா உங்களுக்குப் புரியாது." அவ்வளவுதான்.

இன்று வகுப்பில் அவள் பேச வேண்டிய தலைப்பு, தகவல் தொடர்பு மாதிரிகள். நேரமாகிவிட்டது, ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. வரைந்து வைத்திருந்த படத்தை இருவர் நடுவிலும் விசிறியடித்தாள்.

"பாத்துக்குங்க! இந்தப் பொட்டி சொல்றவங்க, அந்தப் பொட்டி கேக்கறவங்க. நடுவுல கீற அம்புக்குறி நானு. அம்புக்குறிக்கு வாய் வலிக்காதா? காலேஜ் ஹாஸ்டல்ல எடம் கீது. திங்கக்கிழமை போயிடுவேன். அப்பறம் செவுத்துக்கிட்ட சொல்லி அனுப்புங்க!"

அப்பாவின் விரல் பொத்தானிலேயே நின்றது.

"உங்கம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தவர், குனிந்து படத்தை எடுத்தார்.

கதவை அறைந்து சாத்திவிட்டுத் தெருமுனை வரை வந்த பிறகுதான், டப்பாவை எடுக்கவில்லை என்று அகல்யாவுக்கு உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். கதவில் கை வைக்கும்போது உள்ளே அப்பாவின் குரல்.

"போதும் கன்னிம்மா. நாம ராசியாயி எம்மா நாளாச்சு, இன்னும் இன்னா நாடகம்? பொண்ணு ஊட்ட உட்டே போறேன்னுது. சொல்லிடலாம்."

"சொல்லலாம்யா..." அம்மாவின் குரல். "சொல்லிட்டா அது மறுபடியும் காதுல அந்த ஒயர மாட்டிக்கினு மூலைக்குப் போயிடும். அப்பறம் நம்மகிட்ட எதுக்குய்யா பேசும்?"