அப்பிய நீலம்

அவருக்கு முதலில் துரோகம் செய்தவன் மச்சான்தான். மனைவியின் கூடப் பிறந்த தம்பி. அவர் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு முதலாளி.

வருஷக் கணக்காகக் காகிதம் வெட்டும் மெஷினில் நின்ற மனுஷனைப் போன மாதம் கூப்பிட்டு, "மாமா, நீங்க இனிமே பார்சல் கட்டுற மேஜைக்கு வந்துடுங்க" என்றான். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கேட்கப் பயம். கொஞ்ச நாளாகவே எதிரில் வருகிற முகமெல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி தெரிந்தது. வெட்ட வேண்டிய கோடு ரெண்டாகத் தெரிந்தது. இது மச்சானுக்குத் தெரிந்தால் நாளைக்கு அந்த மேஜையும் போய்விடும். அப்புறம் பொண்டாட்டி சம்பாத்தியத்தில்தான் சோறு. அதனால் அவளிடம்கூட மூச்சு விடவில்லை.

இன்றைக்கு அதே மச்சான் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. ஓர் ஓரமாக உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடலாம் என்று பார்த்தால், இந்தப் பொண்டாட்டி விட்டால்தானே!

கண்ணாடி முன்னால் நின்றிருந்தவள் திரும்பினாள். ரெண்டு இமையிலும் ஜிகினா நீலம். புருவம் வரைக்கும் அப்பியிருந்தது.

"என்னடி இது, சர்க்கஸ்ல சேரப் போறியா?"

"ஐ ஷேடோங்க. நல்லா இல்ல?"

அவருக்கே இவ்வளவு பளிச்சென்று தெரிகிறதென்றால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்!

இத்தனைக்கும் அவளுக்கு அழகு நிலையத்தில்தான் வேலை. மணப்பெண்கள் தேடி வந்து அவள் கையால்தான் கண்ணுக்குப் போட்டுக்கொள்வார்கள். தன் கண்ணுக்கு மட்டும்தான் இந்தக் கோலம். அதுவும் இப்போது கொஞ்ச நாளாக.

மண்டபத்தில் மணப்பெண்ணே பிடித்துக்கொண்டாள்.

"என்ன அத்தை இது? பிரஷ்ஷைத் தட்டிட்டுத் தொடு, இமைக்கு லேசான கலர், ஓரத்துல மட்டும் அடர்த்தி, கோடு தெரியாம கரைச்சு விடு, புருவத்துக்கு ஏத்தாதேன்னு எனக்கு அவ்வளவு பாடம் எடுத்தீங்க. நீங்க எல்லாத்தையும் தலைகீழா செஞ்சிருக்கீங்களே!"

"வாத்தியார் என்னிக்குடி பரீட்சை எழுதினாரு?" என்றாள் அத்தை.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவள் கண்ணைப் பார்க்கிறவர்கள் அடுத்துப் பக்கத்தில் நிற்கிற தன் கண்ணைத்தானே பார்ப்பார்கள்? நைசாக நகர்ந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

விளக்கை மங்கலாக்கினார்கள்.

"மாமா! மேடைக்கு வாங்க, போட்டோ!" மச்சானின் குரல் எங்கிருந்தோ வந்தது.

எழுந்தார். இவளையும் சேர்த்து, பெண் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே பச்சையில் உடுத்தியிருந்தார்கள். யார் யாரென்று ஒன்றும் புரியவில்லை. மேடை எந்தப் பக்கம்? ஒரு நாற்காலியில் முட்டிக்கொண்டார்.

"பாத்துப் போங்க பெரியவரே! கண்ணு தெரியலையா?"

மச்சான் காதில் விழுந்திருக்குமோ?

தூரத்தில் அந்த நீலம் மின்னியது. அதைத் திட்டிக்கொண்டே அதைப் பார்த்து நடந்தார்.

போட்டோ முடிந்ததும் அவளை மண்டபத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தார்.

"போய்க் கழுவிட்டு வா. எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க."

"பாத்தா என்னங்க?"

"கழுவுன்னா கழுவு!"

"சரி, இங்கேயே நில்லுங்க. நகராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நின்றார். பச்சை உடைகள் போயின, வந்தன. ஒருத்தி வந்து பக்கத்தில் நின்றாள். யாராவது சொந்தக்காரியாக இருக்கும், பேச்சுக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. இவள் எங்கே தொலைந்தாள்? மச்சானின் சிரிப்புச் சத்தம் நெருங்கி வந்தது. வேறு வழியில்லாமல் பக்கத்தில் நின்றவளிடமே கேட்டார்.

"ஏம்மா, என் வீட்டுக்காரி முகம் கழுவப் போனா. பாத்தீங்களா?"

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"நான்தாங்க. அப்பவே வந்து பக்கத்துலதான் நிக்கிறேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"பார்லர் வாசல்ல என்னைத் தாண்டிப் போய் வேற ஒருத்திகிட்ட, 'வா, வீட்டுக்குப் போகலாம்'னு நின்னீங்களே, அன்னிலேர்ந்து. அன்னிக்கே தம்பிகிட்ட அழுதேன். அவரை மெஷின்லேர்ந்து எடுத்துடு, விரல் போயிடும், காரணம் மட்டும் சொல்லாதேன்னு."

அவர் முறைப்பாகச் சொன்னார்:

"இருந்தாலும் அவன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அதுக்கு அவன் மன்னிப்புக் கேக்குற வரைக்கும் நான் விடுறதா இல்ல."

"அதை அப்புறம் அவன்கிட்டயே வாங்கிக்குங்க. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம்."

கைப்பையைத் திறந்து சின்ன டப்பாவை எடுத்தாள். பிரஷ்கூட இல்லை. விரலாலேயே நீலத்தைத் தொட்டு இமையில் அப்பிக்கொண்டே சொன்னாள்:

"கழுவினா என்னைத் தேடுறீங்க. பூசினா நேரா என்கிட்ட வந்துடுறீங்க."