கேட்டுக்கு வெளியே

காளிச்சாமியின் ஜீப் மாந்தோப்புக்குள் திரும்பியதுமே பந்தலில் பேச்சு நின்றுபோனது. வேலந்தாவளம் சந்தைத் திடலில் ஆனந்தகுமாரின் நாடகம் நடந்தபோது, மேடையேறித் திரையைக் கிழித்தெறிந்த மனுஷர். இன்றைக்கு எதைக் கிழிக்கப் போகிறாரோ.

ஆனந்தகுமார் பெஞ்சில் மாலைகளுக்குள் கிடந்தார். ஐந்து நாவல், ஒன்பது நாடகம், எல்லாமே ஆணை நேசித்த ஆணின் கதை. விருது வாங்கிய அன்று மட்டும் சொந்த ஊரான முதலமடைக்குப் பெருமை, மற்ற நாளெல்லாம் கேவலம்.

'எங்கள் குலவிளக்கு' என்று வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார் அண்ணன் மயில்சாமி. உயிரோடு இருந்தவரை அந்த விளக்கை வாசப்படி ஏறவிட்டதில்லை.

கோபாலபுரத்தில் அவரோடு பதினாலு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவன் கௌசிக், காளிச்சாமியின் ஒரே மகன். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் படித்தவன். காலையிலிருந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறான், முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை.

"அவனா? கூட வாடகைக்கு இருந்த பையந்தானுங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் மயில்சாமி. நாக்கு கூசவில்லை.

"மாமன் கோடி, பங்காளி கோடி எல்லாம் போட்டாச்சு. தம்பிக்குக் கல்யாணமாகல. பொண்டாட்டிக்குப் பொறந்த ஊட்டுக் கோடின்னு புதுத்துணி போத்தற சடங்கும் இல்ல. மெம்பரும் மாலை போட்டுட்டுப் போயிட்டாரு. வெயில் ஏறதுக்குள்ள எடுத்துரலாமுங்க."

காளிச்சாமி ஜீப்பிலிருந்து இறங்கினார். கக்கத்தில் ஒரு துணிக்கடைப் பை. யாரையும் பார்க்காமல் நேரே போய் மகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"பதினாலு வருசமா எம்பட பேச்சைக் கேக்காதவன், இன்னைக்கு இவனுக நில்லுன்னா நிக்கறயாடா?"

கௌசிக்குக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

மயில்சாமிக்குப் பாதி பாரம் இறங்கியது. "ஏனுங்க, பையனைக் கூட்டீட்டுப் போயிருங்க. உங்களுக்கும் அவமானம், எங்களுக்கும் அவமானம்."

"அவமானந்தானுங்க. அதப் பாக்கத்தான் வந்தேன்."

பிடித்த பிடியை விடாமல், காளிச்சாமி கேட்டைக் காலால் உதைத்துத் திறந்தார். பந்தலுக்கு நடுவே மகனை இழுத்துக்கொண்டு போய், ஆனந்தகுமாரின் தலைமாட்டில் உட்காரவைத்தார். ஒப்பாரி வைத்த பெண்கள் விலகினார்கள்.

மயில்சாமி ஓடிவந்து மறித்தார். "யாரைக் கேட்டுங்க உள்ள வர்றீங்க? நீங்க எங்களுக்கு ஒறவா, பங்காளியா? என்ன மொறைல வந்து நிக்கறீங்க?"

காளிச்சாமி பையைப் பிரித்தார். மூலையில் மஞ்சள் தடவிய புது வேட்டியை உதறி, மகனின் தோளில் போர்த்தினார்.

"பொறந்த ஊட்டுக் கோடிங்க."