அறுபத்திரண்டு பேர்

குழி இன்னும் அரை முழம் இறங்கட்டும் என்றார் ஓவர்சியர் வேங்கடேசன். மாசிலாமணி ஒரு முழமே இறக்கினார்.

தன் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நடுகிற பலகை. காற்றுக்குச் சாயலாமா?

திண்டிவனத்தை விட்டு விழுப்புரம் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால், சேரிப் பிள்ளைகளுக்காக ஒரு சாமியார் போட்ட ஓலைக் கொட்டகை. அதுதான் பள்ளிக்கூடம். வாசலை விட்டுக் கால் எடுத்து வைத்தால் ரோடு. போன ஆடியில் அதே வாசலில்தான் பச்சமுத்துவின் மகனை பஸ் அடித்துச் சாகடித்துவிட்டு நிற்காமல் போனது.

அதிலிருந்து, மகள் வடிவு பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்து சேரும்வரை மாசிலாமணி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார்.

ரோடு போடும் கூட்டத்தில் கல் உடைக்கிற கூலி அவர். யாரிடமும் வாய் திறந்து எதையும் கேட்டுப் பழக்கமில்லை. ஓவர்சியரிடம் மட்டும் கேட்டார்.

வேங்கடேசன் மற்றவர்களைப் போலில்லை. காது கொடுத்துக் கேட்டார். ரோட்டோரமாக மண்ணை உயர்த்தி, கல் வரிசை வைத்து, பிள்ளைகள் மட்டும் நடக்க ஒரு பாதை போடலாம் என்றார். ஊருக்குள் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, இதற்கு ஒன்று. குச்சியால் மண்ணில் கோடு இழுத்து, எவ்வளவு அகலம் வேண்டும் என்று மாசிலாமணியையே கேட்டார்.

இரண்டு பிள்ளைகள் கைகோத்து நடக்கிற அகலம் என்றார் மாசிலாமணி. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார் அந்தப் புண்ணியவான்.

எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணிக்கொடுத்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மூன்று நாள் காலையில் மாசிலாமணி ரோட்டோரம் குந்தி, பிள்ளைக்கு ஒரு கூழாங்கல்லாகத் துண்டில் போட்டார். முதல் நாள் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், அறுபத்தொன்று. மற்ற இரண்டு நாளும் அறுபத்திரண்டு.

பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பாதை போட்டு ஒரு மாதமாகிவிட்டது. அதற்கும் மாசிலாமணிதான் கல் சுமந்தார். இங்கே முதலில் பலகை, பாதை பிறகு என்றார் ஓவர்சியர். சரி, பந்தியில் கடைசி வரிசை நமக்குப் புதிதா என்று மாசிலாமணியும் இருந்துவிட்டார்.

கம்பத்தை இறக்கினார். சுற்றிலும் ஜல்லி போட்டு, கடப்பாரையின் அடியால் குத்திக் குத்தி இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார். நாலு ஆள் சேர்ந்தாலும் இனிமேல் பிடுங்க முடியாது.

பலகையில் எழுத்து இருந்தது. அவருக்குப் படிப்பு வராது. வடிவு இரண்டாம் வகுப்பு. மகள் வாயால் கேட்போமே என்று கூப்பிட்டார். அவள் பின்னால் மொத்தப் பள்ளிக்கூடமும் ஓடிவந்தது.

ஓவர்சியர் அவசரமாகச் சைக்கிளை எடுக்கப் போனார்.

வடிவு எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மாடுகள்... கடக்கும்... இடம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். அதேதான் வந்தது.

மாசிலாமணி ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். ஓவர்சியரின் பொருள் எதையும் அதுவரை அவர் தொட்டதில்லை.

"இன்னா சாமி இது?"

வேங்கடேசன் யோக்கியர். பொய் எழுதினாலும் யோக்கியமாக எழுதுகிறவர். இறங்கி நின்று விவரம் சொன்னார். ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆபீசுக்கே போய், நம் பிள்ளைகளுக்கும் சேரிப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பாதையா என்று குதித்தார்களாம். பள்ளிக்கூடம் என்று ஒன்றைத்தான் காட்டலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். எண்ணிய எண்ணிக்கையை அழிக்க அவருக்கு மனசு வரவில்லையாம். அதனால் கணக்குத் தாளில் பக்கத்துக் கட்டத்தில் போட்டாராம்.

நம்பாவிட்டால் பார்த்துக்கொள் என்று, பையிலிருந்து அந்தத் தாளையே எடுத்து நீட்டினார்.

"எண்ணிக்கையில நான் ஒண்ணுகூடக் கொறைக்கல, மாசிலாமணி."

மாசிலாமணி தாளை வாங்கிக்கொண்டார். பஸ்காரன் அடித்துவிட்டு ஓடினான். அவனை நாலு வார்த்தை திட்டவாவது முடிந்தது. கூட உட்கார்ந்து, அகலம் கேட்டு, நம்பவைத்துக் கழுத்தறுத்தவரை என்னவென்று திட்டுவது?

வடிவு எம்பி, அப்பா கையிலிருந்த தாளையும் படித்தாள். மாடு, அறுபத்திரண்டு. அதற்குக் கீழே எழுத்து ஏதுமில்லை. மையில் ஒரு கட்டைவிரல் ரேகை மட்டும் இருந்தது.

அதைப் படிக்க மாசிலாமணிக்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. எண்ணியது சரிதான் என்று அவரே வைத்தது. சர்க்கார் தன்னையும் ஒரு ஆளாக மதித்துச் சாட்சி கேட்டதென்று, மை தானாக மங்கும்வரை அந்த விரலைக் கழுவாமல் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்திருந்தார்.